முப்பத்தொரு கதவுகள்

முசே,

போன வாரம் திருமுல்லைவாயில் ஸ்டேஷன் ரோட்டில் எனக்கு நல்ல மரியாதை நடந்தது. மளிகைக் கடை ஓரம் புதிதாக ஒரு கரண்ட் பெட்டி வைத்திருக்கிறார்கள். சாம்பல் நிறக் கதவு. நான் குனிந்து உட்கார்ந்து, வண்டிச் சாவியால் அதன் கீழ் மூலையைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஜூஸ் கடைக்காரர் குரல் கொடுத்தார்.

“யோவ் பெர்சு, இன்னா சுரண்டிகினு கீற? ஷாக் அட்ச்சா ஊட்டுக்கு யாரு போய் சொல்றது?”

“பெயிண்ட் நல்லா கீதான்னு பார்த்தேன்பா.”

“ஏன், பொண்ணு கட்டப் போறியா? கெளம்பு, கெளம்பு.”

நாலு பேர் சிரித்தார்கள். கூட நானும் சிரித்து வைத்தேன். எழுந்திருக்கும்போது முட்டி சத்தம் போட்டது, அதற்கும் சிரித்தார்கள்.

இருபத்தெட்டு வருஷமாகத் திருமழிசையில் பவுடர் கோட்டிங் வேலை பார்க்கிறவன் நான். இரும்புக் கதவின் மேல் கலர்ப் பொடியைத் தெளித்து, சூளையில் சுட்டு, நிறம் ஏற்றுவது என் பிழைப்பு. உரிக்கிற தொட்டியில் ஒரு தடவை முக்கி எடுத்துவிட்டால் பழைய நிறத்தில் ஒரு பொட்டுகூட மிஞ்சாது என்று யாருக்கும் அடித்துச் சொல்வேன். அப்படியிருந்தும் சுரண்டினேன். உங்கள் நீலம் எங்காவது ஒளிந்திருக்குமோ என்று.

உங்களை நான் முதலில் பார்க்க வந்ததே சுயநலத்துக்குத்தான். என் மகள் பிளஸ் டூவில் பிரெஞ்சு எடுத்திருந்தாள். ஆசையெல்லாம் இல்லை, அதில் மார்க் அள்ளலாம் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் எடுத்தார்கள். எங்கள் தெருவில் கீழ்ப்போர்ஷனுக்கு பிரான்சிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார், அவருடைய தங்கை வீட்டுக்காரர் ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்து ரிட்டயர் ஆனவர் என்று கேள்விப்பட்டு, அரை டஜன் வாழைப்பழத்தோடு வந்து நின்றேன். “சார், டியூஷன்...” என்றேன்.

“மார்க்குக்கு வேண்டிய பிரெஞ்சு எனக்குத் தெரியாது தம்பி. திட்டு வாங்க, லீவு கேட்க, காதலிக்க, கவிதை எழுத. இந்த நாலுக்குத்தான் வரும்.”

“அதுல ஒண்ணுகூட சிலபஸ்ல இல்ல சார்.”

விழுந்து விழுந்து சிரித்தீர்கள். பழத்தை மட்டும் வாங்கிக்கொண்டீர்கள். காரைக்கால் பக்கம் பெரியவர்களை ‘முசே’ என்பார்கள் என்று உங்கள் தங்கை சொல்லித்தந்தார். அன்றிலிருந்து எனக்கு நீங்கள் முசே.

உங்கள் வாழ்க்கையைத் துண்டு துண்டாகத்தான் கேட்டுக்கொண்டேன். பிறந்தது காரைக்காலில். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாய். பதினெட்டு வயதில் அந்த நாட்டுக்குப் போய், வடக்கே ஏதோ குளிர் ஊரில் தபால் பிரிக்கிற வேலை. வேலை முடிந்து வந்து வரைவது, வரைந்ததன் ஓரத்திலேயே கவிதை எழுதுவது. ஒல்லியாக இரண்டு புத்தகம் வந்தது. ஒரு நூலகத்து வராந்தாவில் இரண்டு வாரம் படங்கள் தொங்கின. செய்தித்தாளில் ஒரு பத்தி வந்ததாம், ஆனால் உங்கள் பெயருக்கு மேலே வேறு யாருடைய படத்தையோ போட்டுவிட்டார்களாம். “அந்தப் படமும் மோசமில்ல தம்பி” என்றீர்கள். மனைவி போன பிறகு வீட்டைக் காலி செய்து, வரைந்த கித்தான்களை ஒரு நண்பரின் நிலவறையில் வைத்தீர்கள். பூஞ்சை பிடித்து எல்லாம் போயிற்று என்று அவரிடமிருந்து கடிதம் வந்தது.

“அங்க என்னை இந்தியன்னாங்க. காரைக்கால்ல பிரெஞ்சுக்காரன்னாங்க. இங்கதான் கீழ்ப்போர்ஷன்காரர்னு சொல்றாங்க. இதுதான் சரியா இருக்கு” என்று ஒருநாள் சொன்னீர்கள்.

பூஞ்சைக்குப் பயந்து நீங்கள் வரையாமலே இருந்தபோது, ஒரு நல்ல காரியம் செய்தேன். என் ஆயுசில் செய்த நல்ல காரியம் என்று அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் யூனிட்டில் ஆர்டர் ரத்தாகி, வெள்ளை அடித்தபடி முப்பத்தொரு கரண்ட் பெட்டிக் கதவுகள் கிடந்தன. ஓனரிடம் கேட்டு, குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினேன். “இதுல பூஞ்சை வராது முசே. நான் கேரண்டி” என்றேன்.

மூன்று வருஷம் வரைந்தீர்கள். கதவுக்கு ஒரு படம், எல்லாவற்றிலும் அதே நீலம், படத்துக்குக் கீழே பிரெஞ்சில் ஒரு வரி. முப்பத்தொன்றும் சேர்ந்தால் ஒரே கவிதை. ஞாயிற்றுக்கிழமை நான் வந்தால், புது வரியை ஒரு முறை உரக்கச் சொல்லிக் காட்டுவீர்கள், சொல்லி முடித்ததும் ஒரு விரலை மடக்குவீர்கள். ஒரு மண்ணும் புரியாது. ஆனாலும் ‘பேஷ்’ என்று தலையாட்டுவேன். எங்கே தலையாட்ட வேண்டும் என்பதே அந்த விரலைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும்.

கடைசிக் கதவு முடிந்த மாதம், காரைக்காலில் உங்கள் பள்ளிக்கூட நண்பர் தன் மண்டபத்தைத் தருவதாகச் சொன்னார். தை பிறந்ததும் கண்காட்சி. பிறந்த ஊரில் முதல் தடவை. எழுபத்து மூன்று வயதில் நீங்கள் புதுச்சட்டை தைக்கக் கொடுத்தீர்கள்.

ஐப்பசி மழையில் உங்களுக்குப் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாளே தெருவில் தண்ணீர் ஏறியது. உங்கள் தங்கை கையைப் பிசைந்துகொண்டு நின்றார். “நான் பார்த்துக்கறேன்மா” என்று வீராப்பாகச் சொல்லி, முழங்கால் தண்ணீரில் கதவுகளைச் சுமந்து வண்டியேற்றி யூனிட்டுக்குக் கொண்டுபோனேன். வரிசை மாறிவிடக் கூடாதே என்று, ஒவ்வொன்றின் முதுகிலும் நம்பர் எழுதினேன். சட்டைப் பையில் இருந்த கிரேயானால்.

மஞ்சள் கிரேயான், முசே.

எங்கள் யூனிட்டில் சிவப்பில் நம்பர் போட்டால் தொடாதே. மஞ்சளில் போட்டால் உரித்துவிட்டு மறுபடி அடி. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாள் இதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். துணி போட்டு மூடி, ஓரமாகச் சாத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தேன். மூன்று நாள் லீவு. திரும்பிப் போனபோது ஷிப்டில் இருந்தவர் பெருமையாகச் சொன்னார்: “அண்ணாத்தே, நீ மார்க் போட்ட லாட்டு முட்ச்சி, கிரே அட்ச்சி, லோடே போயிட்ச்சி.”

அவர்மேல் தப்பே இல்லை. ‘சரிப்பா’ என்றேன். கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.

இப்போது என்னிடம் இருப்பது ஒரே ஒரு போட்டோ. பதினேழாவது கதவின் முன்னால் நின்று நான் எடுத்துக்கொண்டது. பெங்களூரில் வேலைக்குப் போகிற மகளுக்கு அனுப்பி, படித்துச் சொல்லச் சொன்னேன்.

“பாதிதான்பா தெரியுது. ‘இல்லாம நான் வந்து சேர்ந்தேன்’னு கீது. எது இல்லாமன்னு தெரியல.”

“ஏம்மா?”

“உன் தலை மறைக்குதுப்பா.”

முப்பத்தொரு வரியில் அரை வரி மிச்சம். மீதி அரை வரிமேல் என் மண்டை.

கவிதையைத் தாளில் எழுதி வைக்கும் வழக்கம் உங்களுக்கு இல்லை. கேட்டால், “கதவுலயே இருக்குதே தம்பி” என்பீர்கள். உங்கள் தங்கையிடம் மழைத் தண்ணீரில் போய்விட்டது என்றேன். நம்பினார். அந்த மழையில் எதைச் சொன்னாலும் நம்பலாம்.

அந்தக் கடைசி சாயங்காலம்தான் என்னை விடமாட்டேன் என்கிறது. பக்கவாதம் உங்கள் தமிழை எடுத்துக்கொண்டது. கேட்டால் புரிகிறது, பேச்சு மட்டும் பிரெஞ்சில்தான் வருகிறது என்றார் டாக்டர். நர்ஸம்மா என்னிடம், “இன்னா பாஷைங்க இது, சேட்டு ஊட்டு ஆளா இவரு?” என்று கேட்டார். நீங்கள் அசையாத கையை விட்டுவிட்டு, அசைகிற கையைத் தூக்கி, காற்றில் ஒரு சதுரம் வரைந்தீர்கள். கதவு. என் முகத்தைப் பார்த்தீர்கள்.

“பத்திரமா கீது முசே” என்றேன்.

உங்கள் முகம் தளர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தீர்கள். ஒரு வரி, ஒரு விரல் மடக்கல். இன்னொரு வரி, இன்னொரு விரல். எனக்கு விஷயம் புரிய நாலு வரி ஆயிற்று. முழுக் கவிதையையும் வரிசை மாறாமல் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். போன் என் பையில் இருந்தது. ஒரு பட்டனை அழுத்தினால் போதும். ஆனால் கதவையெல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறவன் எதற்குக் குரலைப் பிடிக்க வேண்டும்? கண்ணைத் திறந்து பார்த்தால் உங்களுக்குப் புரிந்துபோகும். கையைப் பையில் வைத்தபடியே நின்றேன். எண்ண மட்டும் எண்ணினேன். முப்பத்தொன்று.

முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தீர்கள். நானும் ‘பேஷ்’ என்று தலையாட்டினேன். மறுநாள் நீங்கள் இல்லை.

அந்தக் கட்டிலோரம் வாய்வரை வந்து, வெளியே வராமல், இன்றைக்கும் தொண்டையில் அப்படியே இருப்பது இதுதான்: ஒரு கதவும் இல்லை முசே, என் கையாலேயே அழித்துவிட்டேன், இன்னொரு தடவை முதலிலிருந்து சொல்லுங்கள்.