கட்டவில்லை, பூட்டுகிறோம்

மே 5, திங்கள்

விடியவே புழுக்கம். கடல் பக்கம் கருமுகில். காலையில் வரும் என்ற பனல் லொறி மத்தியானம்தான் வந்தது. பனல் என்றால் இரண்டு பக்கமும் இரும்புத் தகடு, நடுவில் மீன் பெட்டி மாதிரி வெள்ளை நுரை. அதுதான் சுவர், அதுதான் கூரை. ஒழுங்கையிலிருந்து கயிற்றில் கட்டி மொட்டைமாடிக்கு இழுத்தார்கள்.

எதிர்வீட்டு மனுசி: "என்ன ஐயா, பெரிய ஃபிரிட்ஜே வாங்கினீங்கள்?"

"ஓம் பிள்ளை. மகனையும் மருமகளையும் கெட்டுப்போகாம வைக்க."

பகிடி பாதி, உண்மை பாதி. தர்சினிக்கு ஆறாம் மாதம். அவர்களுடைய சின்ன அறையில் தொட்டில் வைக்க இடமில்லை. மகன் சுதன் தெஹிவளையில் ஃபிளாட் பார்த்துவிட்டான், வெள்ளிக்கிழமை முற்பணம். அதற்குள் மேலே ஒரு அறை எழும்பினால் எங்களோடு நிற்பார்கள். பழைய மாடி கல்லுச் சுவரைத் தாங்காது என்று எஞ்சினியர். பனலைத் தாங்குமாம்.

என் மனுசி பூமணி முகத்தை நீட்டினாள். "பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டில கட்டிட வேலை துடங்கக்கூடாது. உங்களுக்குத் தெரியாதே?"

"ஆர் கட்டினது? கல்லுமில்லை, சீமெந்துமில்லை. அலுமாரி மாதிரிப் பூட்டுறம். அலுமாரி பூட்டினா பிள்ளைக்கு ஆகாதோ?"

பூமணியின் தீர்ப்பு: "ஒரு பிடி சீமெந்து கண்டாலும் வேலை நிக்கும்."

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். லோயருக்குப் படித்திருக்கலாம்.

மே 6, செவ்வாய்

நல்ல வெயில். வேலைக்கு நிமல் பாஸ் என்ற மேசன், கூட இரண்டு பேர். தரையில் இரும்புச் சட்டம், அதற்குள் பனல். ஒன்றின் நாக்கை மற்றதின் வாய்க்குள் தள்ளி ஸ்குரூ. பின்னேரத்துக்குள் நாலு சுவர், கூரையும். பூமணி கதிரை போட்டுக் காவல். சுவரைத் தட்டிப் பார்த்தாள்.

"டொங் டொங் எண்டுது. பிஸ்கற் டின்."

"டின்னுக்க இருந்தாத்தான் பிஸ்கற் நமுக்காது."

தர்சினி சிரித்தாள். சுதன் சிரிக்கவில்லை. "அப்பா, வெயிலுக்கு வெந்துபோவம். மழை பெஞ்சா காது அடைக்கும்."

"இருந்து பாத்திட்டுச் சொல்லடா."

ஃபிளாட் புரோக்கரோடு போனில் கதைத்தபடியே இறங்கிப் போனான்.

மே 7, புதன்

வாங்க வேண்டியது: பல்ப், ஜன்னல் கொளுக்கி, பாஸுக்கு வெற்றிலை.

இன்று சண்டை. சுவரின் அடி ஓரத்தை அடைக்க பாஸ் ஒரு பை சீமெந்து கொண்டுவந்துவிட்டார். பூமணி பைக்கு மேலே ஏறி இருந்துவிட்டாள்.

"இதைத் தூக்கிறதெண்டா என்னையும் சேத்துத் தூக்கும்."

பாஸ் என்னைப் பார்த்து: "ஐயா, அம்மாக்கு சொல்லுங்க. அடைக்காட்டி தண்ணி உள்ள வரும்."

சொன்னேன். அசையவில்லை. பாஸ் சாமானைச் சுருட்டிக்கொண்டு போனார். பின்னேரம் அடைமழை, அடியால் தண்ணீர், அறை முழுக்கக் குளம். சுதன் எட்டிப் பார்த்தான்.

"சரி அப்பா. நான் வெள்ளிக்கிழமை காசு குடுக்கிறன்."

தர்சினிக்குப் போக மனமில்லை. அங்கே வாய்க்கு வாய் பகிடி விட்டுச் சிரிக்க அவளுக்கு ஆர்? எனக்குத்தான் இங்கே ஆர்?

வாளியால் தண்ணீர் அள்ளி முடிய இரவு பத்து மணி.

மே 8, வியாழன்

தூறல். காலையிலேயே பாஸ் வீட்டுக்கு ஓட்டோவில்.

"பாஸ், கப்பல் ஓட்டையைச் சீமெந்திலயோ அடைக்கிறாங்கள்?"

தலையைச் சொறிந்தார். பிறகு சிரிப்பு. அடி ஓரம் முழுக்க சிலிக்கன் பசை, வெளியே வளைத்த தகடு என்றார். "அம்மா சண்டைக்கி வராட்டி செய்யலாம்."

பூமணி சிலிக்கனை முகர்ந்து பார்த்தாள். "வினாகிரி மணம். ஊறுகாய் போடுறியளோ?"

"ஓம். உம்மைத்தான்."

அனுமதி. பூசி முடித்து, காய்ந்து, பின்னேரம் மழை. தரையில் ஒரு சொட்டு இல்லை. கூரைச் சத்தம் தூரத்தில் ஆரோ அப்பளம் பொரிக்கிறது மாதிரி. கூப்பிட்டுக் காட்ட சுதன் வேலையால் வரவில்லை.

மே 9, வெள்ளி

முகில் இல்லை, சுள்ளென்ற வெயில். சுதன் லீவு. காசு கொடுக்கிற நாள். மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டால் பூமணியைக் காணவில்லை. மேலே போனேன். ஜன்னலைத் திறந்துவிட்டு, பாய் போட்டு, பிஸ்கற் டின்னுக்குள் குறட்டை.

சுதனை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். வெளிச்சுவரில் கை வைத்தான், சுட்டது. உள்ளே வைத்தான். திரும்பவும் வைத்தான்.

"வெக்கை இல்லைத்தான்."

பூமணி எழும்பி இருந்தாள். "சுதன், தர்சினி இஞ்ச படியேறக்கூடாது. மாதம் ஏறுது. நீங்கள் ரெண்டு பேரும் எங்கட பெரிய அறைக்கு வாங்கோ. நானும் அப்பாவும் மேல."

"அம்மா, அப்பாவுக்கு முழங்கால்..."

"அவர்தானே அலுமாரி எண்டவர். அதுக்க இருக்கட்டும்."

என்னை ஆரும் கேட்கவில்லை. சுதன் படியில் நின்றே புரோக்கருக்குப் போன் அடித்தான். ஃபிளாட் வேண்டாமாம். கேட்டுக்கொண்டு நின்றேன், கூரையைப் பார்க்கிற மாதிரி.

கீழே தர்சினி: "மாமா, தேத்தண்ணி ஊத்தியாச்சு. மேல கொண்டுவர ஏலாது. இறங்கி வாங்கோ."

இன்றைக்கு இது நாலாம் தரம் இறங்குவது. எங்கள் கட்டிலைக் கழற்றி மேலே ஏற்ற பாஸிடம் ஸ்பனர் கேட்கவேண்டும்.