வெண்கோட்டுத் தச்சரின் காற்றுக்குழல்

வெண்கோட்டு மலையும் அதன் ஏழு ஊர்களும் பனியாலும் பிணியாலும் வாடாது நீடு வாழ்க. குளிர்வரை நாட்டரசி இளம்பிடியார் திருவுளப்படி, பேரமைச்சன் சேந்தன் கோவன், வெண்கோட்டுக் கோட்டைத் தலைவர் அதியரையருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் மனையும் படையும் நலமே விளங்குக.

தச்சர் எயினந்தை சூனியம் பயில்கிறார் என்றும், அவர் வீட்டுச் சுவருக்குள் ஏதோ ஓயாது முனகுகிறது என்றும், அவரை மலையினின்று அகற்ற வேண்டும் என்றும் தாங்கள் எழுதியது கண்டோம். யாமே சென்று அவ்வீட்டில் எட்டு நாள் தங்கினோம்.

காடு அழியாதிருக்க விறகைக் குறைக்க வேண்டி, வீடுகளின் இடுக்கெல்லாம் அடைக்குமாறு மூன்றாண்டுக்கு முன் ஆணையிட்டவர் யாம். அடைத்தவர் எயினந்தை. விறகுச் செலவு பாதியாயிற்று. ஆனால் உள்ளே புழுங்கிய காற்று வெளியேற வழியின்றிச் சுவரெல்லாம் பூஞ்சணம் பிடித்தது. மக்கள் மூச்சுத் திணறினர். அக்குளிர்காலத்தில் மாண்ட பதினொருவருள் எயினந்தையின் மனைவி பூதியும் ஒருத்தி. ஊரார் தச்சரைப் பழித்தனரேயன்றி எம்மை எவரும் பழித்திலர். அவர் நிழல் பட்டாலும் விலகிச் சென்றனர்.

தனித்திருந்த அவர், பூதி இறுதியாகக் கிடந்த அறையிலேயே வேலையைத் தொடங்கினார். அகன்ற மண்குழலுக்குள் மெல்லிய செப்புக்குழல் ஒன்றை நுழைத்தார். ஒன்றின் வழியே வீட்டின் வெங்காற்று வெளியேற, மற்றதன் வழியே வரும் குளிர்காற்று அவ்வெம்மையை வாங்கிக்கொண்டு உள்ளே புகுகிறது. உறையாத சுனைநீர் ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அதனோடு பிணைத்த விசிறி காற்றை இழுக்கிறது. தாங்கள் கேட்ட முனகல் அதுவே. விறகும் கூடவில்லை, சுவரும் ஈரமின்றி இருக்கிறது.

வந்து பாருங்கள் என அவர் ஊராரை மும்முறை அழைத்தும் ஒருவரும் சென்றிலர். யாம் சென்ற அன்று வீட்டில் இருந்தது ஒரே வட்டில். எமக்குக் கூழ் வார்த்துக் கொடுத்துவிட்டு, யாம் உண்டு முடிக்கும்வரை சுவரைப் பார்த்து அமர்ந்திருந்தார். தலைநகருக்கு வருக, பட்டம் தருவோம் என்றோம். அங்கே தமக்கு யாரைத் தெரியும் என்றும், இங்கே பூதி படுத்திருந்த இடமாவது இருக்கிறது என்றும் கூறினார். அவள் உயிரோடிருந்தபோது இக்குழல் தமக்குத் தோன்றவில்லையே என்றார்.

ஆதலால் ஆணையாவது: எயினந்தையை எவரும் அகற்றலாகாது. காற்றுக்குழல் வையாமல் எவ்வீட்டையும் இனி அடைத்தலாகாது. முதற்குழல் தங்கள் கோட்டையில் அமைக. இடுக்கடைக்கச் சொன்ன ஆணை எம்முடையது என்னும் வரியை ஏழு ஊர் மன்றங்களிலும் உரக்கப் படிக்க. இவ்வோலை அரசியார் கைமோதிரம் பதித்து மூடப்பட்டது.

மூடிய பின் நினைவு வந்து புறத்தே எழுதுகிறோம். தச்சரை அழைக்க ஆள் விடாது தாங்களே செல்க. கதவைத் தட்டியதும் திறக்கவில்லையெனத் திரும்பிவிடாதீர். தட்டுவது தம் கதவைத்தான் என்று அவர் நம்பச் சற்று நேரமாகும்; நின்று காத்திருக்க.