குடிக்காமல் கலந்தவருக்கு

என் அன்பான இஞ்சாருங்கோவுக்கு,

உயிரோடு இருந்தபோது உங்களைப் பெயர் சொல்லி நான் கூப்பிட்டதே இல்லை. கல்லறையில் அந்தப் பெயரைப் பெரிதாக வெட்டி வைத்திருக்கிறார்கள். அதை வாய்விட்டு வாசிக்கவும் எனக்கு வரவில்லை. ஆகையால் வீட்டில் கூப்பிட்டபடியே கூப்பிடுகிறேன். இஞ்சாருங்கோ, கேட்கிறீர்களா?

சொல்ல நல்ல செய்தி ஒன்றும் இல்லை. நம்முடைய மகன் ஜெறோம் குடிக்கிறான். கடலால் வந்து வலையை இறக்கிய கையோடு தொடங்கிவிடுகிறான். களவாகக் காய்ச்சிய கசிப்போ, கடைச் சாராயமோ, எது கிடைக்கிறதோ அது. கோலா, இல்லாவிட்டால் தண்ணீர், அதுவும் இல்லாவிட்டால் சும்மா. பிளாஸ்டிக் கோப்பையில் ஊற்றி நின்றபடியே விழுங்குகிறான். உங்களுடைய வகைகளில் இதை எங்கே கொண்டுபோய்ப் போடுவீர்கள்?

லீவில் தலைமன்னாருக்கு வந்து இறங்கினால் உங்களுக்கு வேறு கதை ஏது? தெற்கே கடற்கரை ஹோட்டல் பாரில் மது கலக்கிற வேலையில் கற்றதையெல்லாம் என் குசினிக்குள் வைத்து வகை வகையாகப் பிரிப்பீர்கள். முதலில் அடியில் என்ன என்று பார்க்க வேணும்: சாராயமா, ஜின்னா, ரம்மா. புளியும் சீனியும் சேர்ந்தால் அது ஒரு குடும்பம். அடியை மாற்றினால் பெயர்தான் மாறும், குடும்பம் மாறாது. பழச்சாறு விட்டால் குலுக்க வேணும், வெறும் மதுக்கள் மட்டும் என்றால் கரண்டியால் மெல்லக் கலக்க வேணும். சோடா நிரப்பினால் உயரக் கிளாஸ், ஐஸ் கட்டிமேல் ஊற்றினால் கட்டைக் கிளாஸ், ஐஸை வடித்துவிட்டால் காலுள்ள கிளாஸ். மீன் கழுவிய கையோடு நான் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் எரிச்சலில், நான் மீன் போட்டுக் காய்ச்சுகிற ஒடியல் கூழ் எந்த வகை என்று கேட்டேன். நீங்கள் வலு யோசனையோடு, "அது சூட்டு வகை, சிரட்டையில பரிமாறுறது" என்றீர்கள். உங்களுக்கும் கொழுப்புத்தான். சிரித்துச் சிரித்து எனக்குப் புரைக்கேறிவிட்டது.

குடிக்காத மனுசனுக்கு ருசி எப்படித் தெரியும் என்றும் கேட்டேன். ஸ்ட்ரோவின் நுனியைக் கிளாசுக்குள் விட்டு, மேல் ஓட்டையை விரலால் மூடி, ஏறி நிற்கிற துளியை நாக்கில் விட்டுக் காட்டினீர்கள். புளி கூடவா, சீனி காணாதா என்று சொல்ல அது போதும், அதற்குமேல் விழுங்கினால் அடுத்த கிளாஸை நிதானமாகக் கலக்க முடியாது என்றீர்கள். நான் நம்பினேன். இன்றைக்கும் நம்புகிறேன்.

ஆனால் வேறு யார் நம்பினார்கள்? கண்ணெல்லாம் மஞ்சளாகி ஆசுபத்திரியில் கிடந்தபோது டொக்டர் கேட்ட முதல் கேள்வியே எத்தனை வருசமாகக் குடிக்கிறீர்கள் என்பதுதான். "நான் குடிக்கிறேல்லை சேர், கலக்கிறனான்" என்றீர்கள். பக்கத்துக் கட்டில்காரன்கூடச் சிரித்தான். பிறகு இரத்தத்தைச் சோதித்து, இது குடியால் வந்ததில்லை, ஒரு கிருமி ஈரலைத் தின்றிருக்கிறது என்று அதே டொக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். அதை ஊர் முழுக்கப் போய்ச் சொல்ல அவர் வருவாரா? பாரில் வேலை, ஈரல் போய்ச் சாவு. ஊருக்கு அது போதும்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வந்தவர்களுக்குச் சாப்பாடு கொடுத்தபோது உங்கள் அண்ணர் ஒரு கிளாஸ் சாராயத்தில் கோலாவை ஊற்றி, நீங்கள் வழமையாக உட்காருகிற கதிரைக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தார். தம்பிக்குப் பிடித்தது, ஆத்மா ஆறட்டும் என்று கண்ணீர் வேறு. பாசத்தில் செய்தவர்தான், ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எடுத்து முற்றத்து மணலில் ஊற்றிவிட்டேன். பாவம், குடிகாரனோடு எவ்வளவு பட்டிருப்பாள் என்று பெண்கள் எனக்காக இரங்கினார்கள். ஜெறோம் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு அதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றான்.

அவன் குடிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். ஏனடா என்று கேட்டால் அப்பாவும் குடித்தவர்தானே என்கிறான். டொக்டர் சொன்னதைச் சொன்னேன், அந்தோனியார் கோயிலில் சத்தியம் செய்தேன். அம்மா புருசனை விட்டுக்கொடுக்கமாட்டா என்று சிரிக்கிறான். குடித்தும் உழைத்தவர், குடித்தும் எங்களைப் பார்த்தவர், என்னாலும் முடியும் என்கிறான். உங்களைப் பெருமையாகத்தான் சொல்கிறான். அதை நான் எங்கே போய்ச் சொல்லி அழ?

போன ஞாயிற்றுக்கிழமை பூசையால் வந்ததும் ஒரு சாராயப் போத்தலோடு குந்தினான். எனக்கு ஒரு விசர் எண்ணம் வந்தது. நீங்கள் வேலை செய்த விதத்தை இவனுக்குச் செய்தே காட்டினால் என்ன? போத்தலை வாங்கினேன். தேசிக்காய் பிழிந்து, சீனி கரைத்து, சாராயம் அளந்து விட்டு, பக்கத்து வீட்டு ஐஸும் போட்டு, ஒரு ஜாம் போத்தலில் மூடிக் குலுக்கி, கிளாஸில் ஊற்றினேன். பப்பாசி இலைக் காம்பை ஸ்ட்ரோ மாதிரி நறுக்கி, நுனியை விட்டு, விரலால் மூடி, ஒரு துளியை நாக்கில் விட்டேன். என்ர மாதாவே, அந்த எரிவு! ஆனால் தெரிந்தது. புளி கூடிவிட்டது. இன்னும் கொஞ்சம் சீனி போட்டேன்.

"பாத்தியா தம்பி? இப்பிடித்தான் அப்பா ருசி பாத்தவர். இவ்வளவுதான் அவற்ற வாயில பட்டது" என்றேன்.

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நம்பிவிட்டான் என்றுதான் நினைத்தேன். கிளாஸை எடுத்து ஒரே மூச்சில் குடித்தான். "நல்லாயிருக்கம்மா. இன்னொண்டு கலவுங்கோ" என்றான்.

நான் என்ன செய்ய? கடற்கரையில் கசிப்புக் குடிக்கிறதைவிட வீட்டில் குடிக்கட்டும் என்று கை தானாகவே போத்தலிடம் போனது. கலந்து கொடுத்தேன். அவன் அதை வாங்கும்போது வெளிச்சத்தில் கண்ணைப் பார்த்தேன். கடல் உப்போ, வெயிலோ, நோயோ, எனக்குத் தெரியாது. உங்கள் கண் போலவே மஞ்சள் அடித்தது.

அப்போதுதான் சொன்னேன். யோசித்துச் சொன்னதில்லை.

"ஓம் தம்பி, அப்பா குடிச்சவர்தான். கொம்மாவுக்கு வெக்கம், அதுதான் மறைச்சனான். குடிச்சு, ஈரல் அழுகித்தான் செத்தவர். கடைசியில என்னையும் தெரியேல்லை, உன்னையும் தெரியேல்லை."

கிளாஸைக் கீழே வைத்தான். "அப்ப இவ்வளவு நாளும் நீங்கள் சொன்னது பொய்யா?" என்று கேட்டான். ஓம் என்றேன். சாகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு ஜெறோம் எங்கே என்று கேட்ட மனுசனைப் பற்றி இப்படிச் சொல்ல எனக்கு எப்படி வாய் வந்தது?

அவன் எழும்பிப்போய் உங்கள் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி, அலுமாரிக்குள் குப்புற வைத்துப் பூட்டினான். அன்றிலிருந்து குடிக்கவில்லை. என்னோடு கதைப்பதும் இல்லை. கடலுக்குப் போகிறான், வருகிறான், படுக்கிறான். இது எவ்வளவு நாளைக்கு நிற்கும்? நாளைக்கே திரும்பத் தொடங்கினால், உங்களை விற்றும் ஒன்றும் மிஞ்சாதவள் ஆகிவிடுவேன்.

ஊர் சொன்னபோது சண்டைக்குப் போனவள் நான். இனிப் போகமாட்டேன். யார் கேட்டாலும் ஓம், குடித்தே செத்தார் என்றுதான் சொல்வேன். அவன் குடியாமல் இருக்கிற ஒவ்வொரு நாளும் அந்தப் படம் அலுமாரிக்குள்ளேயே கிடக்கட்டும். அலுமாரித் திறப்பை அவனிடம் நான் கேட்கமாட்டேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு. பிள்ளை பிழைக்கிற வரைக்கும் நீங்கள் குடிகாரனாகவே இருங்கோ.

உங்கள் மனுசி,
ஜெறோமின் தாய்