சுண்ணாம்பு அடித்த கரை

பிப்ரவரி 9

பிஸ்கட் கம்பெனி எங்களுக்கு அநியாயம் செய்துவிட்டது. இதை முதல் வரியிலேயே எழுதி வைக்கிறேன். பிறகு யாராவது வந்து, அப்படியெல்லாம் இல்லை அக்கா என்று மழுப்பினால் இந்தப் பக்கத்தைக் காட்ட வேண்டும்.

ஓடைக்கு இந்தப் பக்கம் சிறு தோட்டம் வைத்திருக்கும் எங்களிடமிருந்து இனிமேல் பாமாயில் பழம் எடுக்க மாட்டார்களாம். நாங்கள் ஓடைக் கரையை அழித்தோமாம். ஓடைக்கு அந்தப் பக்கம் காட்டையே கொளுத்தி எண்ணெய்ப்பனை நட்ட எஸ்டேட்டிடம் மட்டும் தொடர்ந்து எடுப்பார்களாம். அந்த எஸ்டேட் வாசலில் பச்சைப் பலகை தொங்குகிறது, இயற்கையின் தோழன் என்று.

ஆலை முற்றத்தில் எல்லோரையும் நிற்க வைத்து ஆலைக்காரர் இதைச் சொன்னார். தோட்டம் தோட்டமாகச் சுற்றி எங்களுக்கு யோசனை சொல்கிறவர் அவர்தான். கண் ஆபரேஷன் முடிந்து, டவுனில் தம்பி மகள் வீட்டில் ஒரு மாதம் கிடந்துவிட்டு நேற்றுத்தான் திரும்பியிருந்தேன். கறுப்புக் கண்ணாடியோடு போய் நின்றேன்.

"மத்தவங்க கதை எனக்குத் தெரியாது. என் கரையில நான் கத்தி வெச்சதே இல்ல. ஒரு செடி குறைஞ்சிருந்தாலும் தோட்டத்தையே எழுதிக் கொடுத்துடறேன்" என்றேன்.

தம்பி செருப்பால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான்.

பிப்ரவரி 11

வெட்டிய குலை ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போய்விட வேண்டும். தாமதித்தால் எண்ணெய் கெட்டுவிடும். ஆலையில் பெரிய தொட்டி ஒன்று, சின்னத் தொட்டி ஒன்று. இரண்டிலும் கம்பெனிக்கான எண்ணெய்தான். எனவே கம்பெனிக்கு வேண்டாதவர்கள் ஆலைக்கும் வேண்டாதவர்கள். புரோக்கர் லாரிக்கு மனசு வந்தால் வரும். இன்று வரவில்லை. சாலையோரம் குவித்த குலைகளிலிருந்து புளித்த வாடை. எறும்புகள் மட்டும் தரம் பார்க்காமல் எடுத்துக்கொள்கின்றன.

எஸ்டேட் மேனேஜர் எல்லாத் தோட்டங்களையும் குத்தகைக்குக் கேட்கிறார். மாதக் கடைசிக்குள் பதில் வேண்டுமாம். தம்பி யோசிக்கிறான். அவன் யோசிப்பதே எனக்குப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 14

கம்பெனியிலிருந்து ஓர் அதிகாரி வந்தாள். சின்ன வயசு, மரியாதையான பெண். ஆலையின் ஆபீஸ் அறையில் உட்கார வைத்தார்கள். நான் உட்காரவில்லை.

"எஸ்டேட் காட்டை எரிச்சப்போ புகையில இங்க ஒரு வாரம் சூரியனே தெரியல. அவங்ககிட்ட வாங்கறீங்க. எங்கள விரட்டறீங்க. இது எந்த ஊர் நியாயம்?"

"அம்மா, அவங்க எரிச்சது எங்க விதி வர்றதுக்கு முன்னாடி. அதை நாங்க கணக்குல எடுக்க முடியாது."

"அப்ப முன்னாடியே எரிச்சவன் புத்திசாலி. எரிக்காம விட்ட நாங்க முட்டாளுங்க. அதையும் விதியில எழுதிடுங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரன், மீசை என்றுதான் கூப்பிடுவோம். எனக்குக் கோர்ட்டு அக்கா என்று பேர் வைத்ததும் அவன்தான்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. ஓடைக் கரையில் செடி கொடி இருந்தால்தான் உரமும் மண்ணும் தண்ணீரில் கலக்காது என்று எனக்கே பாடம் சொன்னாள். அதற்காகத்தானே அம்மா நான் இத்தனை வருஷம் கரையைத் தொடாமல் வைத்திருக்கிறேன்! போய்ப் பார் என்றேன். பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன் என்று போனை நீட்டினாள். என் கறுப்புக் கண்ணாடி வழியே படத்தில் ஏதோ வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. இது என் கரையே இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

தம்பி என்னோடு வரவில்லை. ஏன் வரவில்லை?

பிப்ரவரி 15

தூசியில் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். போனேன்.

மொட்டை. ஓடை நெடுக மொட்டை. நாணல் இல்லை, புதர் இல்லை, நீரில் சாய்ந்து கிடந்த அந்தக் கோணல் மரமும் இல்லை. வெட்டியதோடு நிற்கவில்லை, கூட்டியிருக்கிறார்கள். விளக்குமாற்றுத் தடம் தெரிகிறது. தண்ணீர் ஓரமாகக் கல்லை வரிசையாக அடுக்கி, கல்லுக்குச் சுண்ணாம்பு வேறு அடித்திருக்கிறான் தம்பி; நான் இல்லாதபோது என் பங்கைப் பார்த்துக்கொண்டவன் அவன்தானே. ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி இருக்கு. ஏன்டா? கரைக்கு எதுக்குடா சுண்ணாம்பு?

ஊர் முன்னால் தோட்டத்தையே எழுதித் தருகிறேன் என்று சொன்ன வாய் இது.

பிப்ரவரி 16

தம்பி சாப்பிட வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை.

பிப்ரவரி 18

அவனே வந்தான். வாசலில் நின்றான், உள்ளே வரவில்லை. அறுபத்தாறு வயசு, தலை நரைத்தவன், பரீட்சையில் தோற்ற பையன் மாதிரி நின்றான்.

"கம்பெனி ஆளுங்க பார்க்க வர்றாங்க, சுத்தமா வெச்சிருங்கன்னு ஆலைக்காரர் சொன்னாரு. வீட்டுக்கு ஆள் வந்தா கூட்டிப் பெருக்க மாட்டமா அக்கா? நீ ஊர்ல இல்ல. உன் பங்கு மட்டும் காடா கெடந்தா உனக்குத்தான கேவலம்? அதான் முதல்ல உன்னுதைச் செஞ்சேன். அதைப் பார்த்துட்டுத்தான் மீசையும் மத்தவங்களும் செஞ்சாங்க."

அப்படியென்றால் ஓடை முழுவதும் மொட்டையானதற்கு என் கரைதான் முன்மாதிரி.

"கல்லுக்கு எதுக்குடா சுண்ணாம்பு?"

"மிச்சம் இருந்துச்சு."

சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. சிரித்தால் மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்வான்.

பிப்ரவரி 20

மீசையும் இன்னும் சிலரும் வந்து தங்கள் திண்டாட்டத்தைச் சொன்னார்கள். மீசை முதலில் நக்கலடித்தான்: "பத்திரம் எழுதிட்டீங்களா அக்கா? யார் பேருக்கு?" பிறகு விஷயத்துக்கு வந்தான்.

"வெள்ளம் வந்து அடிச்சிட்டுப் போச்சுன்னு சொல்லிடுவோம். எங்க வாயால சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்க சொன்னா அந்தப் பொண்ணு நம்பும்."

"வெள்ளம் சுண்ணாம்பும் அடிச்சிட்டுப் போச்சா?"

"கல்லை எடுத்துடலாம்."

முடியாது என்றேன். உர மூட்டையில் அச்சடித்ததைக் கூட்டிக் கூட்டிப் படித்து எழுத்துக் கற்றவள் நான். அந்த எழுத்தை வைத்துத்தான் எஸ்டேட்டின் பச்சைப் பலகை பொய் என்று இத்தனை நாள் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். நான் ஒரு பொய் சொன்னால் அந்தப் பலகையில் எனக்கும் ஒரு ஓரம் இடம் கிடைத்துவிடும்.

"அப்ப எல்லாரும் குத்தகைக்குக் கையெழுத்துப் போட வேண்டியதுதான். உங்களாலதான்" என்று சொல்லிவிட்டு எழுந்தான். கதவை மட்டும் மெதுவாகத்தான் சாத்தினான்.

என்னால்தானா?

பிப்ரவரி 24

போன் போட்டு அந்தப் பெண்ணை வரச் சொன்னேன். ஆலைக்காரரையும் கூட்டி வா என்றேன். இருவரையும் நேராகக் கரைக்கு அழைத்துப் போனேன்.

"அன்னிக்கு இது என் கரை இல்லன்னு சொன்னேன். என் கரைதான். என் தம்பிதான் வெட்டினான்."

ஆலைக்காரர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதை நீடிக்க விடவில்லை.

"அழிக்கணும்னு நினைக்கிறவன் கல்லுக்குச் சுண்ணாம்பு அடிப்பானாம்மா? நீங்க வர்றீங்கன்னு மரியாதைக்கு அடிச்சது இது. இவர் எங்ககிட்ட சுத்தமா இருங்கன்னு மட்டும்தான் சொன்னாரு. கரையைத் தொடாதீங்கன்னு ஒரு வார்த்தை சொன்னாரா, கேளுங்க."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். "குப்பை, டப்பா எல்லாம் கெடக்குமேன்னு பொதுவாத்தான் மேடம் சொன்னேன்" என்றார். அவள் துருவிக் கேட்டபோது வெளிவந்தது: விதிப் புத்தகம் அவருக்கே இங்கிலீஷில்தான் கொடுத்திருக்கிறார்கள். பாதிதான் படித்திருக்கிறார்.

அவள் ஒரு வெள்ளைக் கல்லின் மேல் உட்கார்ந்தாள். பாவாடையில் சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டது.

"விதியை நான் மாத்த முடியாதும்மா. கரை திரும்ப வளரணும். ஆனா அதுவரைக்கும் உங்கள ரோட்டுல விட்டுட்டுப் போறதும் தப்புதான். சின்னத் தொட்டிய உங்களுக்கு விடச் சொல்றேன். எங்க பேர் இல்லாம வேற ஆளுக்குப் போகும், விலை கம்மிதான். பழம் அழுகாது."

"எஸ்டேட்?"

"அதையும் மேல சொல்றேன்."

"சொல்றது இருக்கட்டும். அடுத்த தடவை பார்க்க வரும்போது தேதி சொல்லாம வாங்க. அங்கயும் அப்படியே போங்க."

இது பாதி நியாயம். பாதியை வாங்கிக்கொண்டேன். மீதியை விட்டுக் கொடுக்கவில்லை.

பிப்ரவரி 28

யாரும் குத்தகைக்குக் கையெழுத்துப் போடவில்லை. மீசை கடைசி வரை பேனாவைக் கையில் வைத்திருந்தானாம். தம்பி சாப்பிட வந்தான். உப்புக் குறைவு என்றான். இருக்கட்டும்.

ஜூன் 19

மழை. கல் இடுக்கில் நாணல் முளை.

செப்டம்பர் 5

இன்று காலை அந்தப் பெண் வந்தாள். சொல்லாமல். தம்பி கிழிந்த பனியனோடு மட்டை வெட்டிக்கொண்டிருந்தான். என் வாசலும் கூட்டாமல் கிடந்தது. கரையோரம் நடந்து போனாள், இடுப்பு உயரத்துக்கு வளர்ந்த புதருக்குள் பாதி மறைந்தாள். திரும்பி வந்து தண்ணீர் வாங்கிக் குடித்தாள். எஸ்டேட்டுக்கும் போன வாரம் சொல்லாமல்தான் போனாளாம். அங்கே என்ன பார்த்தாள் என்று சொல்லவில்லை. முகம் சொல்லியது.

இனிமேல் நடக்க வேண்டியவை. மறந்துவிட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது.

கம்பெனி: விதியை எங்களுக்குப் புரிகிற பேச்சில், தோட்டத்திலேயே நின்று சொல்ல வேண்டும். குறை கண்டால் திருத்த நாள் கொடுக்க வேண்டும், கைகழுவிவிட்டுப் போகக் கூடாது. எஸ்டேட் எரித்த இடத்தில் திரும்ப மரம் வைக்கும்வரை அந்தப் பச்சைப் பலகையை இறக்கச் சொல்ல வேண்டும். இதை ஒவ்வொரு தடவையும் கேட்பேன்.

ஆலைக்காரர்: புத்தகத்தின் மீதிப் பாதியைப் படிக்க வேண்டும்.

மீசை: வெள்ளக் கதையை இனி எங்கேயும் அவிழ்த்துவிடக் கூடாது.

தம்பி: நாளை நம் குலை மறுபடி கம்பெனியின் பெரிய தொட்டிக்குப் போகிறது. காயோ அழுகலோ ஒன்றுகூட ஏறக் கூடாது. சுண்ணாம்பு மிச்சம் இருந்தால் கொண்டு வந்து என்னிடம் கொடுத்துவிட வேண்டும்.

நான்: கரையில் ஒன்றும் செய்யக் கூடாது.