கல்யாணப் பாட்டுக்குப் பிறகு

அத்தா,

தேக்கா சந்தையில் வாங்கிய மீனில் ஆணம் வைத்திருக்கிறேன். சூடாக்கிச் சாப்பிடுங்கள். மாலையில் தெம்பனிஸிலிருந்து மாமி வருவார்கள்.

நேற்று அந்தப் பழைய படத்தைக் கடைசிவரை ஓடவிட்டதற்காக என்மேல் கத்தினீர்கள். உம்மா இருந்தவரை, கல்யாணப் பாட்டு முடிந்ததுமே, "படம் முடிஞ்சிருச்சு, போய்ப் படுங்க" என்று டிவியை அணைத்துவிடுவார்கள். அதுதான் முடிவு என்று நம்பியே வளர்ந்தேன். அதற்குப் பிறகு அந்தப் பெண்ணும் உம்மாவைப் போலவே நோயில் கிடந்து சாவாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? நீங்களாவது முன்பே சொல்லியிருக்கலாமே, அத்தா.

முனீரா

கீழே இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: மாமியும் அந்தப் படத்தைத்தான் கேட்பார்கள். போடுங்கள். பாட்டு முடிந்ததும் அணைத்துவிட்டு, உம்மா சொன்னதையே நீங்களும் சொல்லிவிடுங்கள்.