ஒரே வாசல் வீடு

ஸ்காபரோ, கனடா,
1976 பிப்ரவரி 12

என் அன்புக்குரியவருக்கு,

சாந்தா எழுதிக்கொள்வது. நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்றுகூட எனக்குத் தெரியாது.

இங்கிலாந்து போன புதிதில், பழுதுபார்க்க எடுத்துக்கொண்ட அந்தப் பழைய பண்ணை வீட்டைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினீர்கள். நீளமாக ஒரே கூரை, நடுவில் ஒரே வாசல். நுழைந்து மேட்டுப்பக்கம் திரும்பினால் அடுப்பும் மனிதர்களும், பள்ளப்பக்கம் திரும்பினால் மாடுகள். தொழுவத்து ஈரம் சரிவில் வெளியே ஓடிவிடும், மாடுகளின் சூடு மட்டும் வீட்டுக்குள் தங்கும். இதைக் கட்டியவன் என்னைவிட நல்ல இன்ஜினியர் என்றுகூட எழுதினீர்கள். உங்கள் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையா என்று சிரித்துக்கொண்டேன்.

அப்புறம், மழையில் கரையாமல் இருக்கட்டும் என்று அந்த மண்சுவருக்கு வெளியே சிமெண்ட் பூசச் சொன்னீர்கள். நம் ஊர்ப் படிப்பு அப்படித்தானே சொல்லிக்கொடுத்தது. உள்ளே இறங்கிய ஈரம் காய வழியில்லாமல் சுவர் ஊறிப்போனது யார் கண்ணுக்கும் தெரியவில்லை. தொழுவத்துச் சுவர் சரிந்து, வீட்டுக்காரர் மிஸ்டர் வெப்பர் இறந்துபோனார்.

விசாரணை செய்தவர்கள் உங்களை விட்டுவிட்டார்கள். நீங்கள்தான் உங்களை விடவில்லை. அவருடைய மாடுகளைக் கறந்துகொண்டு, அவற்றோடு வைக்கோலில் படுத்துக்கொள்கிறீர்கள். மேட்டுப்பக்கம் போக எனக்குத் தகுதியில்லை என்று கடைசிக் கடிதத்தில் எழுதினீர்கள். நன்றாயிருக்கிறது. அப்படியானால் நான் எந்தப் பக்கம்? அதை எழுதவில்லையே.

ஞாயிற்றுக்கிழமை டிரங்க் கால் போட்டேன். யாரோடு பேச வேண்டும், பெயரைச் சொல் என்றாள் ஆபரேட்டர். உங்கள் பெயரை நான் என்றைக்கு வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன்? காஞ்சிபுரத்தில் பிறந்தவள், கல்யாணத்துக்குப் பிறகு சாமியைக்கூடப் பெரிய கோயில் சாமி என்றுதானே சொல்கிறேன். கீழ்வீட்டு யாழ்ப்பாணத்து அன்னம் அக்கா பக்கத்தில் இருந்தார். நான் சொல்லட்டே என்று கேட்டார். வேண்டாம் என்று நானே சொன்னேன், ஏகாம்பரம் என்று. காதில் விழவில்லை என்றாள். உரக்கச் சொன்னேன்.

மிஸஸ் வெப்பர் எடுத்தார். உங்களைக் கூப்பிடப் போனார். தூரத்தில் உங்கள் இருமல் கேட்டது. திரும்பி வந்து, அவர் வரமாட்டேன் என்கிறார் என்று சொல்லி அழுதார். புருஷனைப் பறிகொடுத்தவர் எனக்காக அழுகிறார். மாடுகளை விற்றுவிட்டு மகள் வீட்டுக்குப் போகப் போகிறாராம். இவரை அழைத்துக்கொள்ளம்மா, பார்க்கச் சகிக்கவில்லை என்றார். மாடுகளும் போன பிறகு யாருக்காக அங்கே கிடப்பீர்கள்?

எனக்கு நம்பிக்கை விட்டுப்போய்விட்டது. பதில் வராத என் மற்ற கடிதங்களைப் போல இதையும் பிரிக்காமல் வைத்துவிடுவீர்கள் என்றுதான் தோன்றுகிறது. வெளியே பனி கொட்டுகிறது. ஒருத்திக்காகச் சமைக்கவும் பிடிக்கவில்லை.

மாடும் மனிதரும் ஒரே வாசலில் நுழைகிற வீடு என்று எழுதியது நீங்கள்தான். இந்த அபார்ட்மெண்டுக்கும் ஒரே வாசல்தான். சாணியும் வைக்கோலுமாக வந்தாலும் ஒன்றும் கேட்கமாட்டேன். கதவுக்கு உள்சங்கிலி போடாமல்தான் படுக்கிறேன்.

ஏகாம்பரநாதர் உங்களைக் காப்பாற்றட்டும். பெயரைச் சொல்லித்தான் வேண்டிக்கொண்டேன்.

உங்கள்
சாந்தா