‘ஜோடி’ என்று எழுதியிருக்க வேண்டும்

என் சுண்டெலிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் உள்ளேயிருந்து உதைத்துக்கொண்டிருக்கும் மூன்றாவது ஆளும் நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் நானும் அழுவேன், அப்பா போனைப் பிடுங்கி அங்கே மழையா வெயிலா என்று ஆரம்பித்துவிடுவார். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் பிரசவத்துக்கு நான் வந்து சேர முடியாது. டாக்டர் சொன்ன தேதிக்குப் பதினாறு நாள் கழித்துத்தான் வருவேன். அப்பா மட்டும் முன்னாலேயே வருகிறார். உடனே தலையில் கை வைத்து உட்காராதே, முழுக்கப் படி.

காரணம் வேறு யாருமில்லை, நானேதான். என் வேலை உனக்குத் தெரியும். கப்பல்படைக்குக் கப்பல் கட்டுகிற இடத்தில் எஞ்சினியர் என்றதும் எல்லோரும் அம்மா பீரங்கி செய்கிறாள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் செய்வது எழுத்து வேலை மாதிரிதான். வரைபடத்தில் இருப்பதை வெட்டுகிறவருக்கும் வளைக்கிறவருக்கும் வெல்டருக்கும் புரிகிற மாதிரி ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தாள் எழுதிக் கொடுக்க வேண்டும், அவர்கள் அதைப் பார்த்துச் செய்வார்கள். எந்தக் கப்பல் என்று வழக்கம்போல் சொல்ல மாட்டேன். அதில் ஒரு நீளமான நடைபாதை, இரண்டு பக்கச் சுவரிலும் தீயணைக்கிற தண்ணீர்க் குழாய் போகும், அதைத் தாங்கப் பக்கத்துக்கு முப்பத்திரண்டு இரும்புத் தாங்கிகள். வரைபடத்தில் இடது பக்கத்தை மட்டும்தான் போட்டிருப்பார்கள், வலது பக்கத்தை நாங்கள்தான் திருப்பி எழுத வேண்டும். எங்கள் பட்டறையில் அதற்கு ஒரே வார்த்தை, ஜோடி. ஜோடி என்றால் செருப்பு மாதிரி, ஒன்று இடது, ஒன்று வலது. நான் என்ன ஞாபகத்தில் இருந்தேனோ, உன் ஸ்கேன் படம் வந்த அன்றைக்கா என்றுகூடத் தெரியவில்லை, வலது பக்கத்துக்கு ‘அதே மாதிரி’ என்று எழுதித் தொலைத்துவிட்டேன். அவர்களும் அச்சு அசலாக அதே மாதிரி செய்து மாட்டிவிட்டார்கள்.

போன மாதக் கடைசியில் வேறு எதையோ பார்க்க உள்ளே போனவள் நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தேன். இரண்டு காலுக்கும் இடது செருப்பு! பரிசோதனைக்காரர்கள் என் தாளை வைத்துத்தான் சரிபார்த்திருக்கிறார்கள், தாளில் இருந்தபடியே இருந்ததால் பாஸ் போட்டுவிட்டார்கள். குழாய் அதன்மேல் சமர்த்தாக உட்காரும், சாதாரண நாளில் ஒன்றும் ஆகாது. ஆனால் சண்டையில் அடி விழுந்து கப்பல் குலுங்கும்போது தாங்க வேண்டிய முட்டு தப்பான பக்கத்தில் இருக்கிறது. அடி விழுந்தால்தானே அந்தத் தண்ணீரே வேண்டும். அன்றிலிருந்து ஒன்பதாம் நாள் அந்தப் பகுதியைக் கிரேனில் தூக்கிக் கப்பலோடு சேர்த்து மூடிவிடுவதாக இருந்தது, அப்புறம் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் அவசரம். அவரிடம் போய்ச் சொன்னேன். “பாஸ் ஆன வேலைய ஏன் மேடம் கிளறுறீங்க, பொண்ணு பிரசவத்துக்குப் போற நேரத்துல வம்ப விலைக்கு வாங்கணுமா, லீவு முடிஞ்சு வந்து பாத்துக்கலாம்” என்றார். மனுஷர் கெட்டவர் இல்லை, எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். உன்னிடம் மறைப்பானேன், கேன்டீனில் ஒரு டீ குடித்து முடிக்கிற வரைக்கும் பேசாமல் உன் ஊருக்குக் கிளம்பிவிடலாமா என்று யோசித்தேன். உன் முகம்தான் கண்ணுக்குள் இருந்தது. அப்புறம் டம்ளரை வைத்துவிட்டுப் போய், தப்பு என்னுடையது என்று என் பெயரைப் போட்டே எழுதிக் கொடுத்தேன். வலது பக்கத்து முப்பத்திரண்டையும் கழற்றிச் சரியாக மாட்டுகிற வரைக்கும் கிரேன் தள்ளிப்போனது, நான் கூட நிற்க வேண்டும் என்பதால் என் லீவும் அதோடு தள்ளிப்போனது. அவசரம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, மூன்றாம் நாள் அவரே வந்து கூட நாலு வெல்டரைக் கொடுத்தார்.

இதில் எனக்குச் சுருக்கென்று தைத்தது மீசை சொன்னதுதான். மீசை எங்கள் ஃபோர்மேன், மீசையை எடுத்துப் பத்து வருஷமாகியும் பெயர் மட்டும் போகவில்லை. “எனக்கு அன்னைக்கே ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு மேடம், எஞ்சினியரே எழுதிட்டாங்களேன்னு விட்டுட்டேன்” என்றார். அரை நாள் அவர்மேல் கோபம். மத்தியானத்துக்கு மேல் என்மேலேயே திரும்பிவிட்டது. போன வருஷம் அவர் ஏதோ கேட்க வந்தபோது, எழுதினதைச் செய்யுங்கள் போதும் என்று நானே சிடுசிடுத்தது ஞாபகம் வந்தது. மன்னிப்புக் கேட்டேன், அவருக்குக் கூச்சம் தாங்கவில்லை. இப்போது தினமும் ஒரு சந்தேகத்தோடு வந்து நிற்கிறார், உயிரை வாங்குகிறார், பரவாயில்லை. நேற்று வரைக்கும் பத்தொன்பது மாற்றியாயிற்று, பார்க்கக் கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது.

இனி உன் அப்பா கதை. ரிட்டயரான கணக்கு வாத்தியார் இல்லையா, குழந்தைக்கு ஒரு டைம் டேபிள் போட்டுவைத்திருக்கிறார், அழுவதற்குக்கூட அரைமணி ஒதுக்கியிருக்கிறார். துண்டைச் சுருட்டிக் குழந்தை என்று வைத்துக்கொண்டு குளிப்பாட்டிப் பழகுகிறார், இதுவரை இரண்டு தடவை கீழே போட்டார். சாதம் வடிக்கக் கற்றுக்கொண்டார், ரசம் என்று ஒன்று வைத்தார், நான் வாயைத் திறக்கவில்லை. நான் இப்படிச் சிரித்தாலும் எனக்குத் தெரியும், ராத்திரி நீ வலி என்றால் அவர் உன் கையைப் பிடித்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பார். மாப்பிள்ளையிடம் சொல், மாமனாரை அடுப்புப் பக்கம் தனியாக விட வேண்டாம்.

கோபம் வந்தால் என்னைத் திட்டிக்கொள், எனக்கே என்மேல் கோபம்தான். முதல் பிரசவத்தில் அம்மா பக்கத்தில் இல்லை என்பது சின்ன விஷயமில்லை, அதை நான் எப்படி எழுதினாலும் சரியாகாது. நேரத்துக்குச் சாப்பிடு, மாடிப்படியில் ஓடாதே, அப்பா மாத்திரை போட்டாரா என்று காலையும் மாலையும் கேள். நீயும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் பிழைத்தெழுந்து நூறு வயது வாழ வேண்டும். நாளைக்கு அது வளர்ந்து, நான் பிறந்தப்ப பாட்டி எங்கே இருந்தாள் என்று கேட்டால், வேலை இருந்தது என்று எனக்காகப் பூசி மெழுகாதே. தான் செய்த தப்பைத் தானே கழற்றிக்கொண்டிருந்தாள் என்று சொல்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்,
அம்மா